குவளை எழுதிய சொல்

அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை இரவொன்றில், செபமாலை வழிபாடு முடிந்து, கோவில் கதவைப் பூட்டி, கோதுமைக் கஞ்சியை அருந்திவிட்டுப் படுக்கச் சென்ற வேளையில் கைப்பேசி ஒலித்தது. மணி பதினொன்றைக் கடந்திருந்தது. எங்கள் பகுதியில் அந்நேரத்தில் பங்குத்தந்தையைத் தேடி அழைப்பு வந்தால், அது பெரும்பாலும் விபத்துச் செய்தியாகவே இருக்கும். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவிலுக்குச் செல்லும் சாலையிலும், வண்டலூர் வாலாஜாபாத் சாலையிலும், புத்தம்புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட லாரிகளுக்கும், இரவுப் பணி முடிந்து கண்செருகத் திரும்பும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்களுக்கும் இடையே நடப்பது சமமற்ற போர். ஆகவே நோயில் பூசும் எண்ணெய்ச் சிமிழை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேதான் பேசினேன்.

"அச்சோ, ஒன்னு வரணும். இவிடெ ஒரு ஆத்மாவு வந்நிட்டுண்டு" என்றது மறுமுனை.

கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து, ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளராக வேலை பார்க்கும் பிள்ளை அவன். ஞாயிறு திருப்பலிக்கு வந்து, பின்வாசல் அருகே நின்று, நன்றி மன்றாட்டுக்கு முன்பே மறைந்துவிடுகிறவன். ஆன்மா ஒன்று வந்திருக்கிறது என்று அவன் சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்கு எழுந்தது அச்சமன்று, எரிச்சல். ஆயினும் அந்தக் குரலின் நடுக்கம் பொய்யாக இல்லை. எண்ணெய்ச் சிமிழோடு தீர்த்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

வாசகர்கள் இப்பகுதியை அறிந்திருக்கலாம். இராமானுசர் பிறந்த ஊர் என்றும், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும் மட்டும் அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர், 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை எழுந்ததிலிருந்து வேறு ஊராகிவிட்டது. பின்னர் ஒரகடம், வல்லம், வடகால் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்தன. ஏரிப்பாசன நிலத்தைக் கொடுத்துவிட்டு இழப்பீடு பெற்றவர்களில் பலர், அப்பணத்தில் வீட்டின்மேல் மாடி கட்டி, அதைச் சிறுசிறு அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். நெல் விளைந்த இடத்தில் இப்போது வாடகை விளைகிறது என்று எங்கள் உபதேசியார் சொல்வார். அப்படிப்பட்டதொரு மாடியறைக்குத்தான் நான் சென்றேன்.

வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "சாமி, பசங்க என்னமோ பண்ணிட்டானுங்க. நீங்க ஓட்டிட்டுப் போங்க. நாளைக்கு நான் எங்க கோயிலுக்கும் கூழ் ஊத்திடறேன்" என்றார். எந்தப் பக்கமும் குறை வைக்காத பக்தி!

மேலே ஐந்து பேர், அறைக்குள் நுழைய அஞ்சி, மாடிப்படியில் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். மூவர் அருகிலுள்ள பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள். திருநெல்வேலி, தர்மபுரி, நாகப்பட்டினம் என ஆளுக்கொரு திசை. மற்ற இருவர் தொழிற்பயிற்சியில் இருப்பவர்கள். அறையின் நடுவே ஒரு கேரம் பலகை. அதில் அழியாத மையினால் ஆங்கில எழுத்துகள் வட்டமாக எழுதப்பட்டிருந்தன. தேநீர்க் கடையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு கண்ணாடிக் குவளை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் பாதி எரிந்து சாய்ந்த மெழுகுதிரி. அதன் தடிமனையும் நிறத்தையும் பார்த்ததுமே, அது எங்கள் கோவில் அந்தோனியார் பீடத்திலிருந்து வந்தது என்று கண்டுகொண்டேன். கோட்டயத்துப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு திரைப்படம். மலையாளத்தில் 2023 பிப்ரவரியில் வெளிவந்த 'ரோமாஞ்சம்'. ஜித்து மாதவன் என்பவர் இயக்கிய முதற்படம். சௌபின் சாகிர், அர்ஜுன் அசோகன் முதலியோர் நடித்தது. 2007ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒரே வாடகை வீட்டில் தங்கியிருக்கும் ஏழு மலையாளி இளைஞர்கள், பொழுதுபோகாமல் கேரம் பலகையை ஓஜோ பலகையாக்கி ஆவியை அழைக்கிறார்கள். அனாமிகா என்ற பெயரில் ஒன்று வந்து சேர்கிறது. பின்னர் நடப்பவை பாதி சிரிப்பு, பாதி நடுக்கம். பெயருக்கேற்ப மயிர்க்கூச்செறியச் செய்யும் படந்தான். இப்பிள்ளைகள் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள். கேரளக் கல்லூரி விடுதிகளில் இவ்விளையாட்டு புதிதன்று. 2004இல் மம்மூட்டி நடித்து, சஞ்சீவ் சிவன் இயக்கிய 'அபரிசிதன்' படத்திலேயே கல்லூரி மாணவியர் மூவர் ஓஜோ பலகையின்முன் அமர்ந்துவிட்டனர்.

பேய்ப்படங்களை நான் வெறுப்பவன் அல்லன். குருமடத்தில் படித்த நாட்களில், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அண்ணன் வாடகைக்கு எடுத்துவந்த ஒளிநாடாவில் 'மணிச்சித்திரத்தாழ்' பார்த்தேன். ஃபாசில் 1993இல் எடுத்த அப்படத்தில், மனநல மருத்துவர் ஒருவர் அறிவியலையும் சடங்கையும் கைகோக்க வைத்து ஒரு பெண்ணைக் குணமாக்குவார். பேய் என்று எல்லாரும் நினைத்தது அவள் மனத்தின் காயம் என்று அப்படம் சொன்ன விதம், மேய்ப்புப்பணி இறையியல் வகுப்பில் கேட்ட சில விரிவுரைகளைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. மேனாட்டுப் பேய்ப்படங்களில் வரும் குருக்களைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை. 1973இல் வந்த 'எக்ஸார்சிஸ்ட்' படத்திற்குப் பிறகு, தொப்பியும் கைப்பையுமாகப் பனிமூட்டத்தில் வந்து நிற்காவிட்டால் நாங்கள் குருக்களே அல்லர் என்றாகிவிட்டது. நான் வந்து நின்றதோ செருப்பணிந்த காலோடு, கொசுவை அடித்துக்கொண்டு.

"யார் வந்தது?" என்று கேட்டேன்.

ஒருவரும் பேசவில்லை. பிறகு நாகப்பட்டினத்துத் தம்பி ஒரு பெயரைச் சொன்னான். அப்பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டவுடன் எனக்குத் தெரிந்த பெயராக இருந்தது. ஆனால் எங்கே கேட்டேன் என்பது நினைவுக்கு வரவில்லை.

"ஒவ்வோர் எழுத்தாகப் போய் அவன் பெயரை எழுதுச்சு ஃபாதர். நாங்க தள்ளவே இல்லை. அப்புறம், என்ன வேணும்னு கேட்டோம்." அவன் நிறுத்தினான். "சாப்டியான்னு எழுதுச்சு."

மெழுகுதிரி அப்போதுதான் சாய்ந்திருக்கிறது. ஐந்து பேரும் ஒரே பாய்ச்சலில் மாடிப்படிக்கு வந்துவிட்டார்கள்.

அவர்கள் சொன்னதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இது. அந்த அறையில் ஆறாவதாக ஒருவன் இருந்தான். ஜார்க்கண்டு மாநிலத்தின் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த இளைஞன், ஒப்பந்தத் தொழிலாளி. வாடகையைக் குறைப்பதற்காக அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்குப் பெரும்பாலும் இரவுப் பணி. மற்றவர்கள் காலையில் கிளம்பும்போது அவன் வந்து, திருநெல்வேலித் தம்பி எழுந்த அதே பாயில், சூடு ஆறுவதற்குள் படுத்துக்கொள்வான். ஒரே பாய், இரண்டு பேர், ஒருபோதும் சேர்ந்து படுத்ததில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த ஒரே சொல் 'சாப்டியா' என்பதுதான். காலையில் உள்ளே வரும்போதும் கேட்பான், மாலையில் வெளியே போகும்போதும் கேட்பான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டான். வணக்கத்திற்குப் பதிலாக அதைத்தான் அவன் வைத்திருந்தான் போலும்.

ஆகஸ்டு மாதத்தில், சாலைச் சந்திப்பில், லாரியின் பின்சக்கரத்தில் சிக்கி அவன் இறந்தான். காவல் நிலையத்தில் கேட்டபோதுதான், அவனுடைய முழுப்பெயர் தங்களுக்குத் தெரியாது என்பதே இவர்களுக்குத் தெரிந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் வந்து அவன் பையை எடுத்துக்கொண்டு போனார். உடல் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு வாரம் கழித்துச் செய்தி வந்தது. கல்லூரியில் அப்போது தேர்வு. பயிற்சியாளர்களுக்கு விடுப்பு இல்லை. யாரும் அழவில்லை. அழுவதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்பதே சரி.

இவ்விடத்தில்தான் நான் ஒரு மேய்ப்பனுக்குரிய கண்டிப்போடு பேசத் தொடங்கினேன். இறந்தோரிடம் குறிகேட்பதை இணைச்சட்ட நூலின் பதினெட்டாம் அதிகாரம் தடைசெய்கிறது என்றேன். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2116ஆம் எண்ணில் ஆவிகளை அழைப்பதை விலக்கியுள்ளது என்றேன். பேயோட்டும் சடங்கு என்பது ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் செய்யக்கூடாதது. 1999இல் திருத்தி வெளியிடப்பட்ட சடங்கு நூலும் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ளவே அறிவுறுத்துகிறது. ஆகவே நீங்கள் நினைப்பது போல நான் எதையும் ஓட்ட வரவில்லை என்றேன். அவர்களில் மூவர் இந்துக்கள், ஒருவன் இசுலாமியன். எண்களைச் சொல்லிக்கொண்டு போன என்னைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறிவியலும் சொன்னேன். பொறியியல் மாணவர்களுக்கு அதுதான் புரியும் என்று எண்ணினேன். இந்தப் பலகைக்கு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தவர் ஒருவர் 1891இல் காப்புரிமை பெற்றார். அது ஒரு விளையாட்டுச் சாமானாகத்தான் கடைகளில் விற்றது. அதற்கும் முன்னதாக, மேசையைச் சுற்றிக் கைவைத்து அமர்ந்தால் ஆவிகள் அதை நகர்த்துகின்றன என்ற மோகம் இங்கிலாந்தைப் பிடித்தாட்டிய காலத்தில், 1853இல் மைக்கேல் ஃபாரடே ஓர் எளிய கருவி செய்தார். கைக்கும் மேசைக்கும் இடையே நழுவக்கூடிய அட்டைகளை வைத்து, மேசை கையை இழுக்கிறதா, கை மேசையைத் தள்ளுகிறதா என்று பார்த்தார். கைதான் தள்ளியது. தள்ளியவர்கள் பொய்யர்கள் அல்லர். தாங்கள் தள்ளுவதை அவர்கள் அறியவில்லை, அவ்வளவுதான். உங்கள் மின்மோட்டார்ப் பாடத்தில் வருகிற அதே ஃபாரடே என்று சொன்னதும் தர்மபுரித் தம்பி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப, எங்க விரல்தான் தள்ளுச்சா ஃபாதர்?"

"ஆம்."

"யார் விரல்?"

எனக்கு விடை தெரியவில்லை. ஐந்து பேருக்கும் அந்தச் சொல் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது திருநெல்வேலித் தம்பி எழுந்து, படியில் இரண்டு படி கீழே இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் சொன்னதை நான் எழுதலாமா என்று பிற்பாடு அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பின்னரே எழுதுகிறேன். அவன் கத்தோலிக்கன் அல்லன். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதும் அன்று. நால்வர் முன்னிலையில் மாடிப்படியில் சொல்லப்பட்டது. விபத்து நடந்த அன்று இரவுப் பணி இல்லை என்று கூறி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழியிலிருந்து கைப்பேசியில் அழைத்து, தெரிந்த அரைகுறை இந்தியில், அறையில் சோறு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். சட்டியில் சோறு இருந்தது. மறுநாள் காலைக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் என்று எண்ணி, இல்லை, வெளியில் சாப்பிட்டு வா என்று இவன் சொல்லிவிட்டான். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு சாப்பாட்டுக் கடையைத் தேடிப் போன சந்திப்பில்தான் அந்த லாரி வந்தது.

"மறுநாள் அந்தச் சோத்தை நான் சாப்பிடலை ஃபாதர். கொட்டிட்டேன்" என்றான்.

மற்ற நால்வருக்கும் இது அதுவரை தெரியாது. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. பிறகு இசுலாமியப் பிள்ளை இறங்கிப்போய் அவன் பக்கத்தில் அமர்ந்தான்.

இதற்குள் எனக்கும் அந்தப் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. இறந்தவன் கத்தோலிக்கன். அது எனக்குத் தெரிந்திருந்த செய்தி. ஆகஸ்டு கடைசியில், பெருவிழாக் கொடிக்கான ஏற்பாடுகளில் நான் மும்முரமாக இருந்தபோது, கோட்டயத்துப் பிள்ளை திருப்பலிக் கருத்து எழுதிக்கொண்டு வந்து நின்றான். அலுவலகத்தில் கொடு என்று கையைக் காட்டினேன். அந்த ஞாயிறு, இருபதுக்கும் மேற்பட்ட கருத்துகளுக்கு இடையில் அதையும் வாசித்தேன். வடநாட்டுப் பழங்குடிக் குலப்பெயர், கையெழுத்து புரியவில்லை. வாய்க்கு வந்தபடி வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். திருப்பலிக்குப் பின் அப்பிள்ளை வந்து, "அச்சோ, பேரு மாறிப் போயி" என்றான். ஆண்டவருக்குத் தெரியும், போ என்றேன்.

ஆண்டவருக்குத் தெரியும் என்பது இறையியல் முறைப்படி பிழையற்ற வாக்கியந்தான். ஆனால் பீடத்தில் நின்று நான் பிழையாக வாசித்த பெயரை, நான் விலக்கிவைத்த அந்தப் பலகையில், தேநீர்க் கடைக் குவளை ஓரெழுத்தும் பிசகாமல் வாசித்திருந்தது. அந்த மாடிப்படியில் அன்றிரவு மயிர்க்கூச்செறிந்தவர்கள் ஐவர் மட்டும் அல்லர்.

சவுல் அரசன் ஏன்தோருக்குச் சென்ற நிகழ்ச்சியை மறையுரைகளில் நான் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். சாமுவேல் முதல் நூலின் இருபத்தெட்டாம் அதிகாரம். ஆவிகளை அழைப்பது எத்தகைய பாவம் என்று காட்டுவதற்கு அது வசதியானது. ஆனால் அதன் இறுதிப் பகுதியை நான் ஒருபோதும் உரக்க வாசித்ததில்லை என்பது அன்றிரவுதான் உறைத்தது. இறந்த சாமுவேலின் சொல்லைக் கேட்டுச் சவுல் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்து கிடக்கிறான். பகலும் இரவும் அவன் ஒன்றும் உண்ணாதிருந்தான் என்கிறது நூல். அப்போது அந்தக் குறிசொல்லும் பெண், தன் தொழிலைத் தடைசெய்து, தன் உயிருக்கே உலைவைக்கக்கூடியவனாகிய அந்த அரசனை வற்புறுத்தி எழுப்பி, வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து அப்பம் சுட்டு, உண்ணவைத்து அனுப்புகிறாள். மறுநாள் அவன் இறக்கப்போகிறவன். அவளுடைய குறியைத் திருச்சபை ஏற்கவில்லை. அவளுடைய விருந்தைப் பற்றி நாம் பேசியதேயில்லை.

உயிர்த்த ஆண்டவரைக் கண்டு சீடர்கள் ஆவியென்று அலறியபோதும், அவர் கேட்டது உண்பதற்கு ஏதேனும் இருக்கிறதா என்பதைத்தான் என்று லூக்கா எழுதுகிறார். வறுத்த மீனை அவர்கள் கண்முன் உண்டு காட்டினார். யாயீரின் மகளை உயிர்ப்பித்தவுடனும், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றுதான் சொன்னார் என்பது மாற்குவின் சாட்சி. இவற்றையெல்லாம் நான் கற்பித்திருக்கிறேன். உயிர்ப்பின் உடல்தன்மை என்று தலைப்பிட்டுக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

சோறும் சாவும் எங்கள் பகுதியில் அப்படி ஒன்றும் தொலைவில் இல்லை. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாகவும், அது மறைக்கப்படுவதாகவும் வதந்தி பரவியது. அந்தக் குளிரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் எங்கே போனாள் என்று தெரியாதவர்களிடம், வதந்தியை நம்பாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. நல்லதுதான். இந்தப் பையன்களுக்கோ மாடியறையும் மாற்றிப் படுக்கும் பாயுந்தான்.

மாடிப்படிக்குத் திரும்புகிறேன். மணி ஒன்றை நெருங்கிற்று. "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. ஐவரும் ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு சிரித்துவிட்டார்கள். எட்டு மணிக்கே குவளையின்முன் அமர்ந்துவிட்டதால் யாரும் உண்ணவில்லை. வீட்டுக்கார அம்மாள் கீழேயிருந்து அரிசி கொடுத்தார், ரசம் கொடுத்தார், திட்டும் கொடுத்தார். கோட்டயத்துப் பிள்ளை நாலைந்து முட்டையைப் பொரித்தான். ஆறு தட்டு வைத்தார்கள். ஆறாவது எனக்கு என்றுதான் எண்ணினேன். ஏழாவது ஒன்றையும் திருநெல்வேலித் தம்பி எடுத்துவந்து, சுவரோரமாக, பாய்க்குப் பக்கத்தில் வைத்தான். படைத்த சோற்றைப் பற்றியும் சொல்வதற்கு ஒரு சட்டம் என்னிடம் இருக்கும். அன்று நான் சொல்லவில்லை.

உண்டபின் அறையை மந்திரித்தேன். இறந்தவனின் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித்தரச் சொல்லி, மூன்று தடவை சொல்லிப் பார்த்து, கோட்டயத்துப் பிள்ளை தலையசைத்த பிறகே செபத்தைத் தொடங்கினேன்.

அடுத்த வாரத்தில் ஒருவழியாக ஒப்பந்தக்காரரின் அலுவலகத்திலிருந்து அவன் ஊர்த் தொடர்பு எண்ணைப் பெற்றார்கள். என்னுடைய இந்தி குருமடத்து இந்தி. ஆயினும் அவன் தகப்பனாரோடு சிறிது பேச முடிந்தது. மகன் யாரோடு தங்கியிருந்தான் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐந்து பேர் என்று சொன்னேன். ஐவரும் வரிசையாகக் கைப்பேசியை வாங்கித் தங்கள் ஊரைச் சொன்னார்கள். திருநெல்வேலித் தம்பி மட்டும் தனியே எடுத்துக்கொண்டு போய்ப் பேசினான். அவனுக்கும் இந்தி வராது, அவருக்கும் தமிழ் வராது. என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. நெடுநேரம் ஆயிற்று.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று எங்கள் கல்லறைத் தோட்டத்திற்கு ஐவரும் வந்தார்கள். அவனுக்கு அங்கே கல்லறை கிடையாது. சிலுவையின் அடியில் மெழுகுதிரி வைத்துவிட்டுப் போனார்கள். இம்முறை காசு கொடுத்து வாங்கிய திரி.

கேரம் பலகையை எரித்துவிடச் சொல்லலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அது கடன் வாங்கிய பலகையாம். மண்ணெண்ணெய், சோப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தும் எழுத்துகள் முற்றும் போகவில்லை. சென்ற மாதம் வீடு சந்திப்புக்குப் போயிருந்தபோது அதன்மேல் மாவைத் தூவி விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னையும் அமரச் சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு குருமடத்தில் நான் கேரம் ஆட்டத்தில் பெயர் பெற்றவன் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டு அடித்தேன். சிவப்புக் காய் மங்கிய எழுத்தொன்றின்மேல் போய் நின்றுவிட்டது. ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. ஃபைன் கட்டுங்கள் ஃபாதர் என்றான் தர்மபுரித் தம்பி.